வைக்கோல் படுக்கையில் ஒரு வட்டம்

கயிறு அறுந்தது. ஆதம் மல்லாந்து விழுந்தான்.

போலீஸ் ஸ்டேஷன் பின்முற்றத்து வேப்பமரத்தில் காலை முட்டுக் கொடுத்து, கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பார்க்கச் சொன்னது தில்லைநாயகம்தான். இவ்வளவு லேசாக அறுபடும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, உங்களுக்குச் சந்தேகம் கயித்து மேலயா, என் இடுப்பு மேலயா? ரெண்டையும் ஒண்ணா சோதிச்சுட்டீங்களே" என்றபடி ஆதம் எழுந்து மண்ணைத் தட்டினான். கடையநல்லூர்க்காரன். திருநெல்வேலி ஜங்ஷனில் தில்லைநாயகம் துப்பறியும் அலுவலகம் திறந்த காலத்திலிருந்தே அவருக்கு உதவியாளன். சம்பளம் குறைவு என்பதால் வாய் அதிகம் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் சுந்தரபாண்டியன் எட்டிப் பார்த்தார். "ஏலே, அது நாளைக்குக் கோர்ட்டுல காட்ட வேண்டிய சாமான். பாத்துத் தொடுதேன்னுதானே கேட்டிய?"

"பாத்துத்தான் தொட்டோம். நீங்களும் வந்து பாருங்க" என்றார் தில்லைநாயகம். "பால்வண்ணநாதன் விழுந்தப்ப அறுந்தது இந்த நுனி. இப்ப அறுந்தது வேற இடம்."

சாரல் தூறிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் வாசலில், முந்தானையைத் தலையில் போட்டபடி ஒரு பெண் நேற்றிலிருந்து அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மாடத்தி. அவள் புருஷன் பரமசிவன் உள்ளே லாக்கப்பில் இருந்தான். நாளைக் காலையில் அவனைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். கொலைக் குற்றம்.

நடந்தது இதுதான். தென்காசியைச் சேர்ந்த பால்வண்ணநாதன் சென்னையில் ரசாயனம் படித்தவர். காகித ஆலை உத்தியோகத்தை விட்டுவிட்டு, மனைவி குழல்வாய்மொழியோடு சொந்த ஊருக்கு வந்து, வீட்டுக் கொல்லையில் வைக்கோலின் மேல் பூசணம் வளர்த்தார். இட்டிலி மாவில் ஒரு பொட்டுப் பூசணம் கண்டாலும் தூரக் கொட்டுகிற ஊரில், அதைத் தண்ணீர் தெளித்து வளர்த்தவர் அவர் ஒருவர்தான். பூசணம் பிள்ளை என்று பெயரே வந்துவிட்டது. அந்தப் பூசணம் ஒருவிதச் சாற்றை விடும், அந்தச் சாறு வைக்கோலை உடைத்துச் சர்க்கரையாக்கும், அப்படி ஆக்கிய வைக்கோலைத் தின்றால் கோடையிலும் மாடு மெலியாது என்பது அவர் கட்சி. அறுவடை முடிந்த களத்தில் சும்மா எரிகிற சக்கையும் தட்டையும் மாட்டுத் தீவனமாகிவிடும் என்பார். அதற்கு எந்தப் பூசணம் உத்தமம் என்று தேடி, குற்றாலத்து மலையில் மக்கிக் கிடக்கும் மரங்களையெல்லாம் சுரண்டிக்கொண்டு வருவார்.

போன வாரம் செண்பகா அருவிக்கும் மேலே, ஒரு பாறை இடுக்கில் விழுந்து கிடந்த பழைய மரத்தைத் தேடிக் கயிற்றில் இறங்கினார். பாதியில் கயிறு அறுந்தது. மேலே பாறையில் நின்று கயிற்றை விட்டுக்கொண்டிருந்தவன் பரமசிவன்.

அவருக்கு வைக்கோல் கொண்டுவந்து போடுகிறவனும் அவன்தான். பட்டாளத்தில் இருந்தவன், கயிறு கட்டத் தெரிந்தவன். சித்திரையில் அவனுடைய உழவுமாடு ஒன்று செத்தபோது, அது பூசணம் பிடித்த வைக்கோலைத் தின்றுதான் செத்தது என்று நினைத்து, "உம்மைய அந்த மலையில இருந்தே உருட்டி விடுதேன் பாரும்" என்று கடைத்தெருவில் நின்று கத்தியிருந்தான். ஊரே கேட்டது. குழல்வாய்மொழியும் கேட்டாள். புருஷன் இறந்த மறுநாளே போலீசிடம் அவன் பெயரைச் சொன்னவள் அவள். தில்லைநாயகத்துக்குத் தந்தி கொடுத்து வரவழைத்ததும் அவள்தான். "கொன்னது அவன்தான்னு எல்லாருக்கும் தெரியும். எப்படிக் கொன்னான்னு நீங்க சொல்லணும் அண்ணாச்சி" என்று கேட்டிருந்தாள்.

தில்லைநாயகம் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விரலில் நெருடிக்கொண்டே போனார். பட்டாளத்துக் கழிவுச் சாமான் ஏலத்தில் வாங்கிய கூடாரக் கயிறு. வெள்ளைப் பருத்தி நூலைப் பெருவிரல் பருமனுக்கு முறுக்கியது. அதில் ஒரு இடம் இரும்பு மாதிரி இருந்தது. ஒரு கை விரிப்பு தள்ளி நொய்ந்துபோய் இருந்தது. மறுபடி கெட்டி, மறுபடி நொய்வு. எல்லாம் சம இடைவெளி.

"கத்தியால அறுக்கதா இருந்தா ஒரு இடத்துல அறுத்தாப் போதும்" என்றார். "எவனாவது கொலை செய்யுததுக்குக் கயிறு பூரா அளவெடுத்து அறுப்பானா? ஆதம், இதைச் சுருட்டு பாப்போம்."

ஆதம் வளையம் வளையமாகச் சுருட்டித் தரையில் வைத்தான். நொய்ந்த இடங்களெல்லாம் ஒரே பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டன. மறுபக்கம் முழுக்கக் கெட்டி.



"சுருட்டுன கயிறு எங்கனயோ ஒருச்சாச்சுப் படுத்துத் தூங்கிருக்கு" என்றான் ஆதம். "படுத்த பக்கம்தான் உளுத்துப் போச்சுது."

"ஆசிட்ல வச்சிருப்பான்" என்றார் சுந்தரபாண்டியன்.

"ஆசிட்டுன்னா கருகும். இது கருகல." தில்லைநாயகம் அறுந்த முனையின் புரியைப் பிரித்தார். வெளியே வெள்ளை வெளேரென்று இருந்த கயிற்றின் உள்புரியில், மங்கலாகப் பச்சை படிந்திருந்தது.

"குளிச்சிருக்கு. ஆனா காதுக்குப் பின்னால தேய்க்கல" என்றான் ஆதம்.

தில்லைநாயகம் குடையை எடுத்துக்கொண்டார்.

*

தென்காசிக் கோயிலின் மொட்டையாக நின்ற கோபுரத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி அந்த வீடு. குழல்வாய்மொழி உள்ளறையிலிருந்து வந்து கொல்லைச் சாவியைக் கொடுத்தாள். முப்பது வயது இருக்காது. அழுது அழுது குரல் போயிருந்தது.

"என்ன வேணும்னாலும் பாருங்க. நடுவுல இருக்க தொட்டிய மட்டும் ரெண்டு மூணு மாசத்துக்குத் திறக்கக் கூடாதுன்னு சொல்லி மூடி வச்சிருந்தாக. திறந்தா காத்துப் பட்டு வேற பூசணம் ஏறிருமாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "இனிமே எது ஏறுனா என்ன. திறந்துக்கிடுங்க."

கொல்லைக் கொட்டகையில் செங்கல் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் இடுப்புயரத்துக்கு வைக்கோல் படுக்கை, மேலே ஓலைப்பாய். உள்ளே கால் வைத்ததும் பதநீர் புளிக்கத் தொடங்கும்போது வருகிற வாடை அடித்தது. சந்துப் பக்கம் ஒரு கதவு, வைக்கோல் கட்டு கொண்டுவருவதற்கு. பூட்டு கிடையாது, வெறும் கொண்டிதான்.

நடுத் தொட்டியின் பாயை ஆதம் தூக்கினான். வெதுவெதுப்பாக ஆவி வந்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்து, சட்டென்று எடுத்தான். "அண்ணாச்சி, காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி இருக்கு."

"உசுரோட இருக்குல்லா. வேலை செய்யுது."

படுக்கை முழுவதும் இளம்பச்சையாகப் பூத்திருந்தது. சுவரை ஒட்டின ஒரு மூலையில் மட்டும் அந்தப் பச்சை கரும்பச்சையாகத் தடித்து, அரைவட்டமாக வளைந்து கிடந்தது. மறுபாதி வட்டம் தொட்டியின் செங்கல் விளிம்பில் ஏறிப் போயிருக்க வேண்டும். அங்கே பூசணம் இல்லை, வெறும் ஈரத் தடம். தில்லைநாயகம் குனிந்து, அந்தக் கரும்பச்சையிலிருந்து இரண்டு வெள்ளை இழைகளைப் பிரித்து எடுத்தார். பருத்தி நூல்.

"பாதி வைக்கோல் மேல, பாதி செங்கல் மேல" என்றார். "வைக்கோல் மேல படுத்த பாதியைப் பூசணம் தின்னுருக்கு."

"வைக்கோலத் திங்கப் பழக்குனா, கயித்தையும் திங்குமா?"

"பூசணத்துக்கு வைக்கோலும் பருத்தியும் ஒரே சாப்பாடுதான்லே. ரெண்டுலயும் இருக்கது ஒரே சரக்கு. சொல்லப்போனா பருத்தி இன்னும் சுத்தமான சரக்கு. சண்டைக் காலத்துல பட்டாளத்துக் கூடாரமெல்லாம் மழைக்காட்டுல பூசணம் புடிச்சு இத்துப் போச்சுன்னு பேப்பர்ல படிச்சதில்லையா? தென்னங்கயிறா இருந்திருந்தா இவ்வளவு சீக்கிரத்துல ஒண்ணும் ஆயிருக்காது."

ஆதம் வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு முகம் மலர்ந்தது. "அப்ப பரமசிவன் கொல்லல. கொன்னது பூசணம். சுந்தரபாண்டியன் இனி பூசணத்துக்கு விலங்கு மாட்டட்டும். வாங்க, போயிச் சொல்லுவோம்."

தில்லைநாயகமும் அப்போது அப்படித்தான் நினைத்தார். அது அவர் அவசரம்.

*

சுந்தரபாண்டியன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. வேலை முடிந்த மனுஷனின் சிரிப்பு.

"எப்படிக் கொன்னான்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு. இப்பத் தெரிஞ்சிட்டு. ரொம்ப உபகாரம் அண்ணாச்சி."

"என்ன சொல்லுதீங்க?"

"அந்தக் கொட்டகைக்கு வைக்கோல் கொண்டுபோயிப் போடுதது யாரு? சந்துக் கதவு வழியா எந்நேரமும் போயி வருதது யாரு? அந்தப் பூசணம் எதையெல்லாம் திங்கும்னு பக்கத்துலயே இருந்து பாத்தவன் யாரு? கயித்த உள்ள போட்டு உளுக்க வச்சு, அலசி, பழையபடி ஆணியில மாட்டிட்டான். நான் ஏதோ ஆத்திரத்துல செஞ்சிட்டான்னு நெனச்சேன். திட்டம் போட்டுல்லா செஞ்சிருக்கான். ஆயுசுத் தண்டனைன்னு இருந்தேன். இனி தூக்குதான்."

ஆதம் முதல் ஆளாக எழுந்து வாசலுக்கு நடந்தான்.  

வெளியே வந்தபோது மாடத்தி எழுந்து நின்றாள். உள்ளே பேசியது பாதி அவள் காதில் விழுந்திருந்தது.

"ஐயா, மாடு செத்தப்ப இவுக கத்துனது நெசம். பொறவு ஆஸ்பத்திரி டாக்டர் வந்து மாட்ட அறுத்துப் பாத்தாரு. வயித்துக்குள்ள கம்பித் துண்டு கெடந்துச்சு. எங்கனயோ மேயும்போது முழுங்கிருக்கு. அன்னைக்கே இவுக அந்த ஐயா வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டாக. கத்துனது ஊருக்கெல்லாம் கேட்டுச்சு. மன்னிப்புக் கேட்டது யாருக்கும் கேக்கல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்த ஐயா தோள்ல கை போட்டு, இனிமே மலைக்கு நீதாண்டே எனக்குத் துணைன்னாராம். அதுக்குத்தான் கூடப் போனாக."

தில்லைநாயகம் திரும்பி உள்ளே போனார். பரமசிவனிடம் பேச இன்ஸ்பெக்டர் தடை சொல்லவில்லை.

லாக்கப் கம்பிக்குப் பின்னால் நெடுநெடுவென்று ஒருவன் குந்தியிருந்தான். எழுந்து கும்பிட்டான்.

"அந்தக் கயித்தப் பத்தி உனக்குத் தெரிஞ்சதச் சொல்லு. எதையும் விடாத" என்றார் தில்லைநாயகம்.

"கயிறு கொஞ்ச நாளா காணாம இருந்துச்சு ஐயா. தேடித் தேடிப் பாத்தாக. 'பரமசிவம், கயிறு எங்கூட ஒளிஞ்சு வெளையாடுதுடே'ம்பாக. பொறவு ஒருநா காலையில எங்க வீட்டுக்கே வந்து, 'கயிறு வந்துட்டு, மலைக்குப் போவமா'ன்னாக. முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. எங்கன இருந்துச்சுன்னு கேட்டேன். அது எங்க வீட்டு ரகசியம், கேக்கக் கூடாதுன்னுட்டாக."

"கயிறு எப்படி இருந்துச்சு?"

"புதுசு மாதிரி வெள்ளையா இருந்துச்சு. அதனாலதான் ஐயா இழுத்துப் பாக்கணும்னு தோணல." கம்பியைப் பிடித்துக்கொண்டான். "பட்டாளத்துல பத்துப் பேர் சொல்லிக் குடுத்தது அது. இழுத்துப் பாக்காம எவனையும் எறக்கக் கூடாது."

"வேற?"

"சுருள் பிரியாம வாழநாரால கட்டியிருந்துச்சு. பாறையில வச்சு அவுத்தாக. தூரப் போடுவாகன்னு பாத்தா, சட்டப் பையில வச்சிக்கிட்டாக. என்னத்துக்குன்னேன். சிரிச்சாக. அவ்வளவுதான். பொறவு எறங்குனாக."

இறந்தவரின் உடுப்பு ஸ்டேஷன் அலமாரியில் ஒரு துணிமூட்டையாக இருந்தது. சட்டைப் பையில் காய்ந்த வாழைநார்த் துண்டுகள் இருந்தன. யாரும் அவற்றைக் குப்பை என்றுகூட நினைக்கவில்லை. தில்லைநாயகம் அதில் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சுருக்கு ஒன்று, அதன் மேல் எதிர்ச்சுருக்கு ஒன்று. சின்ன, இறுக்கமான முடிச்சு.

"பட்டாளத்து முடிச்சு இல்லையே" என்றான் ஆதம், தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து. "இது எங்க லாத்தா போடுற முடிச்சு அண்ணாச்சி. மல்லியப்பூ கட்டும்போது..."

பாதியில் நிறுத்திவிட்டான். 

இருவரும் வெளியே வந்து, மழைக்கு ஒரு பூவரசு மரத்தடியில் ஒதுங்கினார்கள்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றான் ஆதம்.

தில்லைநாயகம் குடையின் ஈரத்தை உதறினார்.

"அந்த மனுசனே மறதியா கயித்தத் தொட்டியில வச்சிட்டாருன்னு சொல்லிருவோம். செத்தவருக்கு அதுல என்ன குறைஞ்சிரப் போகுது? பரமசிவனும் வெளிய வந்துருவான். அவரு சம்சாரத்துக்கும் தெரிய வேண்டாம்."

"நானும் அதத்தான் யோசிச்சேன். சுந்தரபாண்டியன் ஒரே ஒரு கேள்வி கேப்பாரு. பூசணம் பருத்தியத் திங்கும்னு இந்த ஊர்ல எல்லாரையும் விட நல்லாத் தெரிஞ்ச ஆளு, அது தின்ன கயித்துல ஏன் தொங்குனாருன்னு. நமக்குப் பதில் கெடையாது." குடையை விரித்தார். "அவருக்குத் தெரியாம வச்சு, அவருக்குத் தெரியாமயே எடுத்திருக்கணும். அது பரமசிவனா, இல்லன்னா வீட்டுல இருக்கவங்களா. ரெண்டே பேருதான். இதுல ஒருத்தருக்கு நாளைக்குக் கோர்ட்டு."

*

குழல்வாய்மொழி வாசலிலேயே கேட்டாள். "எப்படிக் கொன்னான்னு தெரிஞ்சிட்டா அண்ணாச்சி?"

தில்லைநாயகம் உட்கார்ந்தார். வழியெல்லாம் பல விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தார். எதுவும் உதவவில்லை. நேராகவே கேட்டார்.

"கயித்த நீங்க ஒளிச்சு வச்சீங்களாம்மா?"

அவள் திடுக்கிடவில்லை. மறைக்க அவளிடம் ஒன்றும் இல்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"ஆமா. வைகாசிக் கடைசியில. அதுக்கு முந்தி ஒருக்கா வழுக்கி விழுந்து, முழங்கால் பூராவும் தோல் வழண்டு வந்தாக. இனிப் போகாதீகன்னு கால்ல விழாத குறையாச் சொன்னேன். அந்த இடுக்குல ஒரு மரம் கெடக்கு, அதுல இருக்க பூசணம் மாதிரி உலகத்துலயே கெடையாதுன்னு அதையே சொல்லிட்டு இருந்தாக. கயிறு இருந்தாத்தானே போவாகன்னு ஒளிச்சிட்டேன். வீட்டுல எங்கன வச்சாலும் தேடிருவாக. அந்த நடுத்தொட்டிய மட்டும்தான் அவுகளே திறக்க மாட்டாக. பாய்க்கு அடியில ஓரமா சொருகுனேன்."

"பொறவு?"

"கோவப்பட்டிருந்தா எடுத்துருக்க மாட்டேன் அண்ணாச்சி. அவுக கோவப்படல. பேச்சுக் கொறஞ்சு போச்சு. தட்டுல சோத்த அளைஞ்சிட்டு எந்திரிச்சிருவாக. ஒரு மாசம் பாத்தேன். என்னால முடியல. ஆடி பொறந்ததும், அவுக வெளிய போயிருந்தப்ப எடுத்தேன். பச்சையா அப்பிக்கிட்டு இருந்துச்சு. சீயக்காய் போட்டு அலசி, மாடியில நல்லாக் காய வச்சு, அழகாச் சுருட்டி நார் கட்டி ஆணியில மாட்டுனேன். வந்து பாத்தாக. ஒரு வார்த்தை கேக்கல. அன்னைக்கு ரெண்டு தடவ சோறு கேட்டு வாங்கித் தின்னாக." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. "ஏன் கேக்குதீங்க?"

தில்லைநாயகம் கொல்லைக் கதவுப் பக்கம் பார்த்தார். ஆதம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்வையை மாற்றினாள். கொல்லைக் கதவைப் பார்த்தாள். சுவரில் வெறுமையாக இருந்த ஆணியைப் பார்த்தாள். 

"அண்ணாச்சி" என்றாள், மிக மெதுவாக. "அது பருத்திக் கயிறா?"

"ஆமாம்மா."

"ஒருக்கா தொட்டித் தண்ணி என் சேலையில பட்டுட்டு. நூல்சேலை. உடனே போயி அலசு, இல்லன்னா அந்த இடம் பொத்துப் போகும்னு அவுக கத்துனாக. பழைய சேலைதானே, போனாப் போகுதுன்னு நான் சிரிச்சேன்." கையை வாயில் வைத்துக்கொண்டாள். கைக்குள்ளிருந்துதான் மீதி வந்தது. "சொல்லித் தந்தாக அண்ணாச்சி. எங்கிட்டச் சொல்லித்தான் தந்தாக."

வெகுநேரம் அழுதாள். இத்தனை நாள் அழுத அழுகை வேறு, இது வேறு. சத்தமே இல்லை. ஆதம் எழுந்துபோய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான்.

"நான் அதுக்குள்ள வச்சிருந்தது அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க எங்கனயோ ஒளிச்சு வச்சு, மனசு மாறி எடுத்துத் தந்தீங்கன்னு மட்டும் தெரிஞ்சிருக்கு. அதுல அவருக்கு ரொம்பச் சந்தோசம். பரமசிவன் வீட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே போயிருக்காரு."

"தொட்டியில வச்சேன்னு தெரிஞ்சிருந்தா?"

"கயித்த எரிச்சிருப்பாரு."

"ஆமா. எரிச்சிருப்பாக. என்னைய ஒண்ணும் சொல்லிருக்க மாட்டாக." தலையை ஆட்டிக்கொண்டாள். "சிரிச்சுக்கிட்டே போனாகளா?"

"ஆமாம்மா."

"அதுக்குத்தான் எடுத்து மாட்டுனேன்."

அதன் பிறகு தில்லைநாயகம் லாக்கப்பில் இருப்பவனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் எழுந்துவிட்டாள். முகத்தைக் கழுவி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பதினாறு கழியாத வீடு. அவள் படி இறங்கக் கூடாது. உள்ளேயிருந்து யாரோ சொந்தக்காரப் பெண் பதறிக்கொண்டு கூப்பிட்டாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் வாசல்வாசலாக ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். குடைக்குள் வரச் சொன்னதையும் அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

*

சுந்தரபாண்டியன் எழுந்து நின்று நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எங்கே வைத்தாள், எப்போது எடுத்தாள், எப்படி அலசினாள். எழுதிக்கொண்டிருந்த ஏட்டையா ஒரு இடத்தில் நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

இன்ஸ்பெக்டர் இரண்டு கேள்விதான் கேட்டார். சந்துக் கதவு வழியாக வந்து போகிற பரமசிவன் அந்தத் தொட்டியை எப்போதாவது தொட்டானா என்று ஒன்று. "தொடமாட்டான். அவுக சொன்னா அவனுக்கு அது சட்டம்" என்றாள். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று மற்றொன்று. "கயித்த ஒளிச்சது எனக்கு ஒரு விசயமாவே தெரியல. பொண்டாட்டி செய்யுத காரியம்தானே அது" என்றாள்.

கையெழுத்துப் போட்ட பின்னும் அங்கேயே நின்றாள்.

"நீங்க போகலாம்மா" என்றார் சுந்தரபாண்டியன்.

"எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"என்னது?"

"தண்டனை. எனக்குத் தண்டனை ஒண்ணும் இல்லையா?"

சுந்தரபாண்டியன் தில்லைநாயகத்தைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார். "சட்டத்துல அப்படி ஒண்ணும் இல்லம்மா. இது யாரும் செஞ்ச குத்தம் இல்ல. நடந்து போச்சு."

அவள் வெளியே வந்தாள். படி இறங்கினாள். இறங்கி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாதவள் போல மழையில் நின்றாள். பின்னாலேயே பரமசிவனைத் திறந்து விட்டார்கள். அவன் படியில் நின்று, கண்ணைச் சுருக்கி வெளிச்சத்தைப் பார்த்தான். மாடத்தி எழுந்து ஓடி வந்தாள்.

அவள் புருஷனிடம் போவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பாதி தூரம் வந்தவள், குழல்வாய்மொழியைப் பார்த்ததும் நின்றாள். தன் புருஷன் பெயரைப் போலீசில் சொன்னவள் அவள். நேற்று முழுக்க அவளை நினைத்து மண்ணை வாரித் தூற்றியிருந்தாள் மாடத்தி. ஆனால் இப்போது ஸ்டேஷன் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே சொன்னது ஒரு வார்த்தை விடாமல் அவள் காதில் விழுந்திருந்தது.

"அம்மா" என்றாள்.

குழல்வாய்மொழி நிமிர்ந்தாள். "உன் புருசன் பேர நான்தான் சொன்னேன் மாடத்தி. கத்துனதக் கேட்டுட்டு..."

"அது கெடக்கட்டும்மா. நனையுதீங்க."

மாடத்தி தன் முந்தானையை எடுத்து அவள் தலைமேல் போட்டாள். அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. அடுப்பு மூட்டிக் கஞ்சி வச்சிக் குடிங்க. நான் இவுகளக் கொண்டு விட்டுட்டு, ராத்திரி அங்கனயே இருந்துட்டு வாரேன்."

இரண்டு பெண்களும் நடந்தார்கள். குழல்வாய்மொழியின் கால் தடுமாறிய இடத்தில் மாடத்தி நின்றாள், அவள் நடந்ததும் நடந்தாள்.

ஆதம் படியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தில்லைநாயகம் குடையை அவனிடம் நீட்டினார். அவன் அதை வாங்கிக்கொண்டான், விரிக்கவில்லை.

பரமசிவன் வீட்டுக்குப் போகவில்லை. தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். சற்றுத் தள்ளி, அந்த இரண்டு பேருக்கும் பின்னால், யாரிடமும் ஒன்றும் கேட்காமல் நடக்கத் தொடங்கினான்.